‘ரோக்கியோ கதை’யும் எங்கள் வீடுகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி நடந்த அங்கத்தவர் இராப்போசன ஒன்றுகூடலில், யப்பானியத் திரைப்படம் காண்பிக்கப்பட்ட பின் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விருந்தில் என்ன படம் போடுவது என்று பேசியபோது பாட்டும் சிரிப்பும் உள்ள படமாக இருக்கட்டும் என்று சிலர் சொன்னார்கள். அது நியாயமான ஆசைதான். கறுப்பு வெள்ளையில், தெரியாத மொழியில், சண்டையும் பாட்டும் இல்லாமல், இரண்டேகால் மணித்தியாலம் ஓடுகிற ஒரு படத்தை விருந்துக்கு வந்தவர்கள் இருந்து பார்ப்பார்களா என்ற பயமும் இருந்தது. பார்த்தீர்கள். இப்போது லேஞ்சி தேடுகிறவர்களையும் பார்க்கிறேன்.

இந்த உரை மலரிலும் வரும் என்பதால், இங்கு வர முடியாமல் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் இருந்து வாசிக்கப்போகிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

யசுஜிரோ ஓசு என்ற இயக்குநர் 1953இல் எடுத்த படம் ‘ரோக்கியோ கதை’. ஹிரோசிமா மாகாணத்தில் ஒனோமிச்சி என்ற கடலோர ஊர். எழுபது வயதை எட்டிய சுகிச்சியும் அவருடைய மனைவி ரொமியும், ரோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயில் ஏறுகிறார்கள். மூத்தவன் கொய்ச்சி குழந்தை வைத்தியர். மகள் சிகே சொந்தமாக ஓர் அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் வேலை அதிகம், வீடு சிறிது. ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன மகனை ஒரு நோயாளிப் பிள்ளை கூப்பிட்டுவிடுகிறது. ஒருவரால் முடியாததை மற்றவர் செய்வார் என்று இருவரும் பார்த்திருந்து, கடைசியில் காசு போட்டு அப்பா அம்மாவை அற்றாமி என்ற வெந்நீரூற்று ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கே இரவெல்லாம் பக்கத்து அறைகளின் சத்தம். நித்திரையில்லாமல் அடுத்த நாளே திரும்பி வந்துவிடுகிறார்கள். மகள் வீட்டில் அன்றைக்குக் கூட்டம், அதனால் இடமில்லை.

அவர்களை மனம் வைத்துக் கவனித்தவள் ஒருத்திதான். போரில் இறந்த மகன் ஷோஜியின் மனைவி நொரிகோ. கந்தோரில் ஒரு நாள் லீவு எடுத்து, பஸ்ஸில் ஏற்றி ரோக்கியோவைக் காட்டுகிறாள். தன்னுடைய ஒற்றை அறைக்குக் கூட்டிப்போய், பக்கத்து வீட்டில் மதுவும் கிண்ணமும் இரவல் வாங்கி மாமனாருக்குக் கொடுக்கிறாள். பிறகு ஓர் இரவு மாமியார் அவளுடைய அறையில் தங்குகிறார். மாமியாரின் தோளைப் பிடித்துவிட்டு, இறந்த கணவனின் மெத்தையை விரித்துப் படுக்க வைக்கிறாள்.

ஊர் திரும்பும் வழியில் ரொமிக்குச் சுகமில்லாமல் போகிறது. வீடு சேர்ந்த சில நாளில் இறந்துவிடுகிறார். தந்தி கிடைத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், அழுகிறார்கள், அம்மாவின் உடுப்பில் எதை யார் எடுப்பது என்று பேசுகிறார்கள், அவசரமாக ரயில் ஏறிவிடுகிறார்கள். நொரிகோ மட்டும் சில நாள் நிற்கிறாள். அவளும் போனபின் கிழவர் சன்னலோரம் தனியே இருக்கிறார். அவ்வளவுதான் கதை.

இந்த ‘அவ்வளவுதான்’ உலகத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. 2012இல் பிரித்தானியத் திரைப்படச் சஞ்சிகையான ‘சைற் அன்ட் சவுண்ட்’ உலகத்தின் இயக்குநர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, அவர்கள் முதலிடத்தில் வைத்த படம் இதுதான்.

ஓசுவைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1937இல் அவரைப் படையில் சேர்த்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். 1943இல் மறுபடியும் அழைத்து, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிப் படமெடுக்கச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். அதே 1943இல் அதே சிங்கப்பூரில்தான் ஜான்சி ராணி படை தொடங்கியது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். அந்தப் படம் முடிவடையவில்லை. யப்பான் தோற்றது. ஓசு 1946இல் ஊர் திரும்பினார்.

இரண்டு தடவை போருக்குப் போய் வந்த அந்த மனிதர் இந்தப் படத்தில் ஒரு துவக்கைக்கூடக் காட்டவில்லை. போர் முடிந்து எட்டு வருடத்தில், ஹிரோசிமா மாகாணத்து ஊர் ஒன்றில் நடக்கும் கதை. குண்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. காயும் உடுப்பு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ரயில், புகைபோக்கி இவற்றைத்தான் காட்டுகிறார். போர் எங்கே இருக்கிறது? நொரிகோவின் அறையில் ஒரு புகைப்படமாக இருக்கிறது. சுகிச்சியின் பழைய சிநேகிதர் ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளையும் போரில் இழந்ததைக் குடித்துக்கொண்டு ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். வன்னியில் எந்த வீட்டு விறாந்தையில் நீங்கள் போய் இருந்தாலும் இப்படித்தான். தேத்தண்ணி வரும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வரும், சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எங்களில் மூத்தவர்கள் 1970இல் வந்த ‘வியட்நாம் வீடு’ பார்த்திருப்பீர்கள். இளைப்பாறிய தகப்பனாகச் சிவாஜி வருவார், பத்மினி மனைவி. பிள்ளைகள் மதிக்காத வேதனையைச் சிவாஜி வாய்விட்டுப் பேச, நாங்கள் வாய்விட்டு அழுவோம். அந்தப் படத்துக்குரிய பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது, ‘அந்தப் பிள்ளைகளைப்போல நாங்கள் இல்லை’ என்ற நிம்மதியும் எங்களோடு வந்துவிடும். ஓசு அந்த நிம்மதியைத் தருவதில்லை. இந்தத் தகப்பன் யாரையும் குறை சொல்வதில்லை. பிள்ளைகள் நினைத்த அளவுக்கு வரவில்லைதான், என்றாலும் மற்றவர்களுடைய பிள்ளைகளோடு பார்த்தால் பரவாயில்லை, நாங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று கிழவனும் கிழவியும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறார்கள்.

மகள் சிகேயைப் பார்த்து உங்களில் பலருக்கு எரிச்சல் வந்திருக்கும். வாடிக்கைக்காரி கேட்கும்போது பெற்றோரை ஊரிலிருந்து வந்த தெரிந்த ஆட்கள் என்கிறாள். புருஷன் மாமன் மாமிக்கு நல்ல பலகாரம் வாங்கி வந்தால், இவ்வளவு விலையில் எதற்கு என்கிறாள். செத்தவீடு முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் உடுப்பைக் கேட்கிறாள். ஆனாலும் அவள் கெட்டவள் இல்லை. தந்தி வந்தவுடன் ஓடி வந்தவள், தாயின் பக்கத்தில் தேம்பி அழுதவள். தனியே ஒரு தொழிலை நடத்திக்கொண்டு, அன்றாடம் கணக்குப் பார்த்துச் சீவிக்கிற பெண். பாசம் இல்லாதவள் என்று அவளைச் சொல்ல முடியாது. அந்தப் பாசத்துக்கு அவளிடம் நேரம் இருக்கவில்லை. எட்டுச்செலவு அன்றைக்கே சீலைகளைப் பிரித்த வீடுகள் எங்களிடமும் உண்டு. அந்த வீடுகளிலும் பிள்ளைகள் தாயை நேசித்தவர்கள்தான்.

இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள். ஓசு கமராவைத் தரைக்குக் கிட்டவே வைக்கிறார். பாயில் இருக்கிற ஒருவரின் கண்மட்டம் அது. அம்மம்மா விறாந்தையில் காலை நீட்டி இருந்து, போகிறவர் வருகிறவரைப் பார்ப்பாரே, அந்த உயரம். அங்கிருந்து பார்த்தால் ஒருவரையும் மேலிருந்து பார்க்க முடியாது. சிகேயையும் முடியாது, நொரிகோவையும் முடியாது. தீர்ப்புச் சொல்கிறவர்கள்தான் எழும்பி நிற்பார்கள். இந்தப் படம் இருந்தபடியே பார்க்கிறது.

இனி எங்கள் வீடுகளுக்கு வருகிறேன்.

ரோக்கியோ என்ற பெயர் வன்னிக்குப் புதிதில்லை. 2003 ஜூனில் இலங்கைக்கு உதவி வழங்கும் நாடுகள் அங்கே கூடி 450 கோடி டொலர் தருவதாகச் சொன்ன நாட்களில், அந்தப் பெயர் எங்கள் சந்திகளிலெல்லாம் அடிபட்டது. புதிய வாழ்க்கை வரும் என்று அப்போது நினைத்தோம். பிறகு வந்தது என்னவென்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

சுகிச்சிக்கும் ரொமிக்கும் பிள்ளைகளிடம் போக ஒரு ரயில் இருந்தது. அவர்களின் துக்கம் எவ்வளவு பெரிதானாலும் அந்த ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கோ 1990இலிருந்து 2013 செப்ரெம்பர் வரை கிளிநொச்சிக்கு ரயிலே இல்லை. தண்டவாளங்கள் பெயர்ந்து பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போயின. அந்த வருடங்களில் போன பிள்ளைகள் ரயிலில் திரும்பி வருகிற தூரத்துக்குப் போகவில்லை. அகதி வழக்கு முடியும்வரை அந்த நாட்டைவிட்டு அசைய முடியாதவர்கள், கடவுச்சீட்டு இல்லாதவர்கள், வந்தால் என்ன நடக்குமோ என்று பயந்தவர்கள். தாய் தகப்பனின் செத்தவீட்டைத் தொலைபேசித் திரையில் பார்த்து, கொள்ளி வைக்கும் நேரத்தில் தங்களுடைய ஊரில் நடுச்சாமத்தில் தனியே அழுதவர்கள். அவர்களைச் சிகே என்றும் கொய்ச்சி என்றும் பெயர் சூட்டினால் அது பெரிய அநியாயம். இந்த மலரை வெளிநாட்டில் இருந்து வாசிக்கும் என் தங்கச்சிமாருக்கு இதை முதலில் சொல்லிவிட விரும்புகிறேன்.

ஆனாலும் அற்றாமி எங்களிடமும் உண்டு. பிள்ளைகள் காசு போட்டு அனுப்பி வைக்கும் அந்த ஊரைத்தான் சொல்கிறேன். 2009க்குப் பிறகு வெறுங்கையோடு மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கு வெளிநாட்டுக் காசு வீடு கட்டித் தந்தது, கிணறு கட்டித் தந்தது, இந்தப் பாடசாலைக்கும் நிறையத் தந்தது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் மாபிள் பதித்த வீட்டில், மேலே இரண்டு அறை பூட்டியபடி கிடக்க, கீழே ஒரு கட்டிலில் ஓர் அம்மா மட்டும் இருக்கிற வீடுகள் எத்தனை என்று இங்கிருக்கும் உங்களுக்குத் தெரியும். கமரா பூட்டியிருப்பார்கள். மகன் அங்கேயிருந்து பார்ப்பான். அம்மா சாப்பிட்டாரா என்று பார்க்கலாம், அவரோடு சாப்பிட முடியாது.

வெளிநாட்டை மட்டும் சொன்னால் அதுவும் சரியில்லை. வவுனியாவில் இருக்கும் மகளுக்கு முல்லைத்தீவு எவ்வளவு தூரம்? காலை பஸ் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம். அந்தத் தூரத்தையும் நாங்கள் ரோக்கியோவாக்கி வைத்திருக்கிறோம். நொரிகோ செய்ததை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் லீவு, ஒரு பஸ் பயணம், இரவல் வாங்கிய ஒரு கிண்ணம், தோளைப் பிடித்துவிட்ட ஒரு கொஞ்ச நேரம், கையில் வைத்த சிறு பணம். கிழவி சாகும்வரை நினைத்திருந்தது இதைத்தான். எங்களால் முடியாத எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

படத்தில் இன்னொரு மகன் இருக்கிறான். ஒசாக்காவில் வேலை செய்யும் கெய்சோ. தாயின் முகத்தை உயிரோடு பார்க்கக் கிடைக்காமல் பிந்தி வந்தவன். கிரியை நடக்கும்போது அந்த மேளச் சத்தத்தைத் தாங்க முடியாமல் எழுந்து வெளியே வந்து, இனி அம்மாவுக்கு ஒன்றும் செய்ய முடியாதே என்று மனம் நோகிறான். எங்கள் ஊரில் அந்தியேட்டிக்கும் ஆட்டைத் திவசத்துக்கும் நாங்கள் காட்டுகிற சிரத்தை பெரியது. நூறு பேருக்குச் சமைப்போம். கல்வெட்டு அடிப்போம். அவையெல்லாம் வேண்டியவைதான். உயிரோடு இருக்கும்போது அவர் கேட்டது அதைவிடக் குறைவு.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். விருந்து நாளில் வேண்டாமே என்றும் பட்டது. ஆனால் இந்தப் படத்தை வன்னியில் பார்த்துவிட்டு இதைப் பேசாமல் போக முடியாது.

நொரிகோ ஒரு போர் விதவை. மாமியாரும் மாமனாரும் அவளிடம் தனித்தனியே ஒன்றைச் சொல்கிறார்கள். மகன் போய் எட்டு வருடம் ஆகிவிட்டது, அவனை மறந்துவிடு, நல்லவன் கிடைத்தால் கலியாணம் செய், உன்னை இப்படிப் பார்க்க எங்களுக்கு வேதனையாக இருக்கிறது என்கிறார்கள். இதைச் சொல்வது இறந்தவனைப் பெற்றவர்கள் என்பதைக் கவனியுங்கள். அவள் உடைந்து போய், நான் நீங்கள் நினைப்பதுபோல நல்லவள் இல்லை, அவரை நினைக்காத நாட்களும் உண்டு, இப்படியே இருந்தால் என்ன ஆவேன் என்று இரவில் யோசிக்கிறேன் என்கிறாள். கிழவர் கோபிக்கவில்லை. அந்த உண்மையைச் சொன்னதற்காக அவளை இன்னும் கூடுதலாக மதிக்கிறார். ரொமியின் கடிகாரத்தை எடுத்து அவளிடம் கொடுக்கிறார்.

எங்களுடைய வகுப்புகளில் எத்தனை நொரிகோமார்? இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் தனித்துப்போய், பிள்ளைகளைத் தனியே வளர்த்து, இன்று தலை நரைத்திருக்கும் எங்கள் தோழிகள். அவர்களை நாங்கள் மெச்சுகிறோம். ‘அவள் பத்தரைமாற்றுத் தங்கம், பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவள்’ என்கிறோம். அந்த மெச்சுதலே சிலருக்குப் பூட்டாகிவிட்டதை யாரும் பேசுவதில்லை. வேறு வாழ்க்கை தேடியவளைப் பற்றிக் கோயில் வீதியில் என்ன கதைத்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ‘உன் விருப்பப்படி செய் மகளே, நாங்கள் உன் பக்கம் இருக்கிறோம்’ என்று சொன்ன மாமன் மாமிமார் எங்களிடமும் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் பலராக வேண்டும்.

இறந்தாரா இருக்கிறாரா என்றே தெரியாத வீடுகளுக்கு இது இன்னும் கடினம். ஓசு 1951இல் எடுத்த ‘கோடையின் தொடக்கம்’ படத்திலும் ஷோஜி என்ற பெயரில் ஒரு மகன் வருகிறான். போருக்குப் போய்க் காணாமல் போனவன். தகப்பன் நம்பிக்கையை விட்டுவிட்டார். தாய் மட்டும் காணாமற்போனவர்களைத் தேடும் வானொலி நிகழ்ச்சியை விடாமல் கேட்கிறாள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தெருவோரத்தில் இருக்கத் தொடங்கிய எங்கள் அம்மாமாரை நினைத்துக்கொண்டேன். பதில் கேட்டுக் கேட்டே கண்ணை மூடியவர்கள் அவர்களில் பலர். காத்திருக்கும் தாயிடம் போதும் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அதேபோல, காத்திருந்து களைத்த ஒரு மனைவி வேறு முடிவு எடுத்தால் ஏன் என்று கேட்கவும் எவருக்கும் உரிமை இல்லை. இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கூடப் படித்தவளாக இருந்தால் நல்லது.

கடைசியாகக் கியோகோ. வீட்டில் தங்கிவிட்ட கடைசி மகள், ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. பெற்றோரைப் பார்ப்பதும் அவள்தான், காலையில் பள்ளிக்கூடம் ஓடுவதும் அவள்தான். அக்கா அண்ணாவின் நடத்தையைப் பார்த்துக் கோபப்படுகிறாள். பிள்ளைகள் வளர்ந்தால் அவரவர்க்கு ஒரு சீவியம் வந்துவிடும் என்று நொரிகோ அவளைத் தேற்றுகிறாள். நொரிகோவின் ரயில் போகும் நேரத்தில், கியோகோ வகுப்பறைச் சன்னலால் பார்த்து, கையில் மணி பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்புகிறாள். ரயிலில் நொரிகோவின் கையில் மாமியின் மணிக்கூடு.

அந்த வகுப்பறையில் நான் எங்கள் ஆசிரியைமாரைக் கண்டேன். ஒவ்வொரு இடப்பெயர்விலும் இடாப்பைப் பையில் வைத்துக்கொண்டு போனவர்கள். மரத்தடியில் படிப்பித்தவர்கள், செட்டிகுளம் முகாமின் கூடாரத்தில் படிப்பித்தவர்கள். தாயையும் தகப்பனையும் பார்க்க நிற்க வேண்டும் என்பதற்காகவே வெளிநாடு போகாமல் நின்றவர்கள், கலியாணத்தைத் தள்ளிப் போட்டவர்கள். அவர்களில் சிலர் இன்று இளைப்பாறித் தனியே இருக்கிறார்கள். போனவர்களுக்குச் செய்ய நூறு வழி யோசித்த எங்கள் சங்கம், நின்றவர்களுக்கு என்ன செய்கிறது?

ஆகவே என்னுடைய ஒரு வேண்டுகோளைச் செயற்குழுவிடம் வைக்கிறேன். நூற்றாண்டுக்கு நுழைவாயில் கட்டுகிறோம், நல்லது. அதோடு ஒரு கொப்பியும் எடுங்கள். வன்னிக்குள் தனியே இருக்கும் எங்கள் இளைப்பாறிய ஆசிரியைமார், கடல் கடந்த தோழிகளின் தாய் தகப்பன்மார், தனித்து வாழும் எங்கள் வகுப்புத் தோழிகள், இவர்களின் பெயர்களைச் சாதாரணதர ஆண்டு வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு ஆண்டு அணியும் தங்களுடைய பெயர்களை எடுக்கட்டும். மாதத்தில் ஒரு நாள், ஒரு வீடு. கையில் வாழைப்பழம் போதும், பலகாரம் இருந்தால் இன்னும் நல்லது. போனவர் ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்கட்டும். கண் தெரியாத அம்மாவுக்குத் தொலைபேசியைப் பிடித்து மகளோடு கதைக்க விடட்டும். வைத்தியசாலைக் கிளினிக் இருந்தால் கூடப் போகட்டும். கடல் கடந்த தங்கச்சிமாரே, இதற்கு நீங்கள் காசு அனுப்ப வேண்டியதில்லை. ஊருக்கு வரும்போது உங்களுடைய மூன்று கிழமையில் ஒரு நாளை, உங்களுக்குப் படிப்பித்த ஒருவருக்காக ஒதுக்கி வையுங்கள்.

கொப்பியின் முதல் பக்கத்தில் என் பெயரையும் எழுதுங்கள், போகிறவர்களின் வரிசையில். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை.